கொண்டை ஊசிக் கணக்கும் ஏற்றக் கணக்கும்

மலைச்சாலை என்று பேச்செடுத்தால் நம் ஊரில் முதலில் வந்து விழுவது, "எத்தனை கொண்டை ஊசி?" என்ற கேள்விதான். கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40, கல்லட்டிக்கு 36 என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். மதுரை வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் சிறுமலைக்கு 18, மேகமலைக்கு 18, போடிமெட்டுக்கு 17. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவருக்கு இந்தக் கணக்கு சரி. வயிற்றைப் புரட்டுவது வளைவுதானே. சைக்கிள் மிதித்து ஏறுகிறவருக்கோ இது கிட்டத்தட்டத் தலைகீழ்க் கணக்கு. திருமங்கலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் கியர் வண்டியோடு கிளம்புகிறவர்கள் கூடிவரும் இந்தக் காலத்தில், எந்த மலையை எப்படி அளப்பது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாலை போடுகிறவர்களின் விதியிலிருந்தே தொடங்கலாம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த நெறிப்படி, 3,000 மீட்டருக்குக் கீழே உள்ள செங்குத்தான மலைகளில் சாலையின் வழக்கமான சரிவு 6 சதவீதம். மிஞ்சிப்போனால் 7, வேறு வழியே இல்லாத இடத்தில் 8. ஆனால் கொண்டை ஊசி வளைவுக்குள் மட்டும் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது நாற்பது அடி போனால் ஓரடி உயரம். லாரி திணறாமல் திரும்ப வேண்டும் என்பதற்காக வைத்த விதி இது. அதன் பலன் சைக்கிள்காரருக்கும் கிடைக்கிறது. ஒழுங்காகப் போட்ட சாலையில் வளைவு என்பது மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம், உயிரை வாங்குவது இரண்டு வளைவுகளுக்கு நடுவில் நீளும் நேர்ச்சாலை. பழைய சாலைகளில் ஒரு சிக்கல் உண்டு. வளைவின் உள்விளிம்பு மட்டும் சட்டென்று செங்குத்தாகிவிடும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், இடப்புறம் திரும்பும் வளைவில் அந்த உள்விளிம்பு நம் தலையில் விழுகிறது. வலப்புறம் திரும்பும்போது வெளிவட்டம் நமக்கு, அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். ஆக, 18 வளைவு என்று பலகை சொன்னால் அதில் பாதிதான் கஷ்டம்.

வெளிநாட்டிலும் வளைவை எண்ணத்தான் செய்கிறார்கள். பிரான்சில் ஆல்ப் துயேஸ் மலைக்கு 21 வளைவு. டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1952இல் முதன்முதலாக அதில் ஏறியது, வென்றவர் இத்தாலியின் ஃபாஸ்டோ காப்பி. ஒவ்வொரு வளைவிலும் அங்கே ஜெயித்தவர்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். மேகமலைச் சாலையின் வளைவுகளுக்கு நம்மவர்கள் பூக்களின் பெயரைச் சூட்டியிருப்பது என் ரசனைக்கு அதைவிட மேல். ஆனால் ஆல்ப்ஸ் மலைச்சாலைகள் பலவற்றில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும், உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், அடுத்த ஒரு கிலோமீட்டரின் சரிவு எத்தனை சதவீதம் என்று சைக்கிள்காரருக்காகவே எழுதியிருக்கும். ஆல்ப் துயேஸின் 13.8 கி.மீ.யும் சராசரியாக 8 சதவீதம் என்பது ஏறுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். நம் மலைகளில் இந்தத் தகவல் எந்தப் பலகையிலும் கிடையாது.

இனி திருமங்கலம். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி. குண்டாறு, கண்மாய்கள், தெற்கே டி.கல்லுப்பட்டி நெருங்க நெருங்கக் கரிசல். மலைகளெல்லாம் வடகிழக்கில் தொடங்கித் தென்மேற்கு வரை அரைவட்டமாக நிற்கின்றன: அழகர்மலை, சிறுமலை, பழனிமலை, ஆண்டிபட்டி–வருசநாட்டு மலை, கடைசியில் சாப்டூர், சதுரகிரி. நாகமலையும் திருப்பரங்குன்றமும் பக்கத்தில் இருந்தாலும் அவற்றின் மேலே ஏறச் சாலை இல்லை. சதுரகிரியும் கால்நடையாக ஏறுகிறவர்களுக்குத்தான். ஆகவே இந்த ஊர்க்காரருக்கு மலையின் அடிவாரமே இரண்டு மூன்று மணி நேர மிதிக்கு அப்பால் இருக்கிறது. ஊட்டிக்காரரோ கொடைக்கானல்காரரோ வீட்டு வாசலிலேயே ஏற்றத்தைத் தொடங்கிவிடுவார். நமக்கு ஏற்றம் வருவதற்குள் காலில் பாதி பலம் போயிருக்கும். திருமங்கலத்துச் சைக்கிள் தடத்தை எடைபோடும்போது மலைக்குச் சமமாக, சொல்லப்போனால் அதற்கும் மேலாக, அடிவாரம் வரை போகும் சமவெளிச் சாலையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தச் சமவெளிச் சாலைகளில் மிக மோசமானது, பார்வைக்கு மிக நல்லதாக இருக்கும் நான்குவழிச் சாலை. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழவழப்பாகத்தான் இருக்கிறது. கப்பலூர் சுங்கச்சாவடிக்காக உள்ளூர்க்காரர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, சைக்கிள்காரர் காசு கொடுக்காமல் தாண்டிப் போகலாம். ஆனால் ஓரப்பட்டையில் எதிர்த்திசையில் டூ வீலர் வரும், நிறுத்திவைத்த லாரி நிற்கும், பின்னால் ஆம்னி பஸ் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது வண்டி ஒரு முழம் தள்ளாடும். ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் 744ஆம் எண் சாலையும் இப்போது நான்குவழியாகிறது. புதுத் தடம் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகும் இடங்களில் மிஞ்சும் பழைய சாலை சைக்கிளுக்கு வரப்பிரசாதம். டி.கல்லுப்பட்டியில் இறங்கி நிற்பவர்கள் காந்தி நிகேதன் ஆசிரமத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். கிராமப் பொருளாதாரம் பேசிய ஜே.சி.குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த இடம். 1960இல் அவர் மறைந்தார்.

நல்ல சாலைகள் மேற்கே இருக்கின்றன. உசிலம்பட்டிச் சாலை, பேரையூர்ச் சாலை, எழுமலைச் சாலை. புளியமரமும் வேம்பும் சில இடங்களில் இன்னும் நிழல் தருகின்றன. இங்கே பயப்பட வேண்டியது வேறு. அறுவடைக் காலத்தில் சோளக்கதிரையும் கம்பையும் தார்ச்சாலையிலேயே பரப்பி வைத்துவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி அடித்துக் கொடுத்துவிடும், களத்து வேலை மிச்சம். அந்தத் தானியத்தின் மேல் 25 மில்லிமீட்டர் டயரோடு போய்த் திரும்பினால் வழுக்கி விழுவது நிச்சயம். தாளோடு கிடந்தால் சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். இறங்கி உருட்டிக்கொண்டு போவதே மரியாதை, அது அவர்கள் வீட்டுச் சோறு. இரண்டாவது, சீமைக் கருவேல முள். ஓரத்தில் வெட்டிப்போட்ட கிளையிலிருந்து சிதறிய முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். உள்ளூர்ச் சைக்கிளின் தடித்த டயரே தாங்காது, பந்தய டயர் எம்மாத்திரம். மேற்கே போகிறவர் இரண்டு டியூப்பாவது கையில் வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது, ஊர் எல்லையில் வெள்ளை பூசாத வேகத்தடை. அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை கணவாய்களின் வழியாகப் பாய்ந்து சமவெளிக்கு இறங்குகிறது. தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. காற்றே இல்லாத நேரத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 15 கி.மீ. வேகத்தில் அடித்தால், அதே வேகத்தைக் காப்பாற்றக் காற்றோடு போராடும் உழைப்பு மட்டும் மூன்று மடங்காகிறது. சரிவாக மாற்றிச் சொன்னால், 2 சதவீத ஏற்றம் ஒன்றை முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டிருப்பதற்குச் சமம். ஆடியில் ஆண்டிபட்டி போய்வந்தவர் கொடைக்கானல் ஏறியவரைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஒரே ஆறுதல், திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும்.

இந்தப் பின்னணியில் தடங்களைப் பார்க்கலாம். தொடக்கப் பாடம் ஆண்டிபட்டிக் கணவாய். திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி முப்பது கிலோமீட்டருக்குள். அங்கிருந்து தேனிச் சாலையில் போனால் இரண்டு பக்கமும் குன்றுகள் நெருங்கி வரும், சாலை மெல்ல மேலேறும். கொண்டை ஊசி என்று சொல்ல ஒன்றுமில்லாததால் இதை ஏற்றமாகவே பலரும் மதிப்பதில்லை. ஆனால் வேகம் குறைந்துகொண்டே போகும், ஏன் குறைகிறது என்று தெரியாமல் பிரேக் உரசுகிறதோ எனக் குனிந்து பார்ப்போம். இந்த மாதிரி 2, 3 சதவீதப் 'பொய்ச் சமவெளி' பழகுவதற்கு அருமையான இடம். பக்கத்திலேயே பாறையைக் குடைந்து போகும் போடி ரயில் பாதை. மீட்டர்கேஜாக இருந்து 2010 கடைசியோடு நின்ற ரயில், அகலப்பாதையாகி 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்ப வந்தது. கணவாய்ப் பக்கத்து டீக்கடைகளில், "இம்புட்டுத் தூரம் சைக்கிள்லயா வந்தீக? பஸ்ஸு கிடைக்கலையா?" என்று பரிவோடு கேட்பார்கள். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவது சுருக்கமான வழி.

அடுத்தது, இந்த வட்டாரத்தின் உண்மையான புதையல் என்று நான் நினைக்கும் மல்லப்புரம்–மயிலாடும்பாறை மலைச்சாலை. மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் எழுமலைக்கு அப்பால் இருக்கிறது மல்லப்புரம். மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பள்ளத்தாக்கு, வைகை பிறந்து வரும் பூமி. பள்ளத்தாக்குச் சனங்கள் ஆண்டிபட்டியைச் சுற்றாமல் உசிலம்பட்டிப் பக்கம் வந்து சேர இந்தக் குறுக்குவழிதான் உதவுகிறது. சாலை குறுகல், பெரிய வண்டிகளுக்கு லாயக்கில்லை. அதனால்தான் சைக்கிளுக்கு உகந்தது. ஏற்றத்தின் மொத்த உயரம் போடியோடு ஒப்பிட்டால் சின்னதுதான், ஆனால் பொறியாளர் அளந்து போட்ட சீரான சரிவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாறையும் புதர்க்காடுமான வறண்ட மலை, மேற்குத்தொடர்ச்சி மலை என்றதும் மனசுக்கு வரும் பசுமை மழைக்காலத்தை விட்டால் கிடையாது. உச்சி தாண்டியதும் கீழே பள்ளத்தாக்கு விரியும், எதிரே மேகமலை நிற்கும். மயிலாடும்பாறைக்கு இறங்கி, கடமலைக்குண்டு வழியாக ஆண்டிபட்டி வந்து, கணவாயைத் தாண்டி உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றை முடிக்கலாம். பேரையூர், எழுமலை வழியாகப் போனால் மொத்தம் 150 கி.மீ. அளவுக்கு வரும். காட்டு வழி என்பதால் வனத்துறையினரிடம் விசாரித்துவிட்டு, பகலில் மட்டும், ஒன்றுக்கு இரண்டு பேராகப் போக வேண்டும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்த மலைத்தொடர் முழுவதிலும் கெடுபிடி கூடியிருக்கிறது. கூடத்தான் வேண்டும்.

ஒரே மூச்சில் நீளமாக ஏறிப் பார்க்க விரும்புகிறவருக்கு போடிமெட்டு. முந்தல் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 20 கி.மீ., உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல், சராசரி 5 சதவீதத்தைச் சுற்றி. இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவது நல்லது. ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஆயிரம் மீட்டர் தூக்கிவிட 8 லட்சத்து 30 ஆயிரம் ஜூல் வேண்டும். பழகிய சாதாரண ஆள் 150 வாட் வீதம் விடாமல் மிதித்தால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். உடம்பு நான்கு பங்கு எரித்தால் ஒரு பங்குதான் மிதியாக மாறுகிறது என்பதால், செலவு 800 கிலோகலோரிக்கும் மேல், பதினைந்து இட்லி. ஏறும் முன் போடியில் சாப்பிட்டது போதாது. பையில் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் இருக்க வேண்டும்.

கியர் ஏன் வேண்டும் என்பதும் இதே கணக்கில் விளங்கும். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியைப் போன்ற ஒற்றை கியர் வண்டியில், முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஐந்தரை மீட்டர் ஓடும். 6 சதவீத ஏற்றத்தில் அந்த ஒரு சுற்றுக்கு 300 ஜூல் செலவு. சுற்று முழுக்கச் சராசரியாக 29 கிலோ எடை காலில் அழுத்த வேண்டும். மேலிருந்து கீழே மிதிக்கும் தருணத்தில் அது இரட்டிப்பாகி உடம்பு எடையை நெருங்கிவிடும். எழுமலைச் சாலையில் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள் மேடு வந்ததும் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பது இதனால்தான். முன்னால் 34, பின்னால் 34 பல் உள்ள வண்டியில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான் நகரும், ஆனால் அழுத்த வேண்டியது 11 கிலோ. வேகம் மணிக்கு ஏழு கிலோமீட்டர்தான் வரும், நடப்பவரைவிடக் கொஞ்சம் வேகம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? விலை உயர்ந்த கார்பன் வண்டியை வாங்கிப் பின்சக்கரத்தில் 25 பல் வைத்துக்கொண்டு முட்டியைப் பாழாக்கிக்கொள்கிறவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது.

கொடைக்கானலுக்கு வருவோம். 1845இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டியபோது சாலை கிடையாது. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடித் தடம், துரைமாரையும் துரைசானிகளையும் நம் ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். வத்தலக்குண்டு வழிச் சாலைக்கு மேஜர் லா என்பவர் 1870களில் தடம் பார்த்தார். வேலை இழுத்து இழுத்து, மோட்டார் வண்டி ஏற 1910கள் வந்துவிட்டன. இன்றைக்கும் அது லாஸ் காட் சாலைதான். மாட்டு வண்டிக் காலத்தில் பார்த்த தடம், அதன் நல்ல குணம் இன்னும் போகவில்லை. காமக்காபட்டிச் சாவடி தொடங்கி 45 கி.மீ.க்கு மேல், ஏறுவது 1,800 மீட்டர் சுமார். வகுத்துப் பார்த்தால் சராசரி 4 சதவீதம்தான். உயரத்தில் இந்த வட்டாரத்தின் ஆகப் பெரிய ஏற்றம், சரிவில் ஆகச் சாதுவானவற்றில் ஒன்று. டம்டம் பாறையில் நின்றால் 297 மீட்டர் விழும் தலையாறு அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி என்று ஒவ்வொன்றாகத் தாண்டப் புழுக்கம் குறைந்து குளிர் ஏறும்.

இவ்வளவு நல்ல சாலையை நான் இரண்டாம் வரிசையில் வைப்பதற்குக் காரணம் போக்குவரத்து. கார்களின் நெரிசல் தாங்காமல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. அப்படியும் விடுமுறை நாளில் புகையைக் குடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். வத்தலக்குண்டில் ராத்தங்கி, வாரநாளில் விடியும் முன் கிளம்பினால் ஒன்பது மணி வரை சாலை நம்முடையது. இன்னொரு வழி, பெரும்பாறை, தாண்டிக்குடி வழியாகக் கீழ்ப்பழனிமலைக்குள் நுழைந்து பண்ணைக்காடு போய்ச் சேர்வது. காபித் தோட்ட நிழல், கார் குறைவு, சரிவு கொஞ்சம் முரடு.

சிறுமலை நல்ல ஏற்றம், ஆனால் அது திண்டுக்கல்காரர்களின் மைதானம். மலைவாழைத் தாரைக் குதிரை முதுகில் ஏற்றி இறக்கிய ஊர். திருமங்கலத்திலிருந்து போனால் நான்குவழிச் சாலையைத் தவிர்ப்பது கடினம், அதிலேயே சலித்துவிடும். அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கும் நூபுரகங்கைக்கும் ஏறும் துண்டுச் சாலை, நேரம் இல்லாத மதுரைக்காரருக்குப் பயிற்சிக்கு ஆகும். பக்தர் கூட்டம் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். மேகமலை அழகுதான், ஆனால் சாவடியில் பொழுது சாய்ந்தபின் விடமாட்டார்கள். யானையும் காட்டுமாடும் உள்ள வழியில் சத்தமே இல்லாத வண்டி என்பது நமக்கும் அவற்றுக்கும் நல்லதல்ல. வளைவில் மணியடித்துக்கொண்டே போவது உத்தமம்.

இறக்கத்தைப் பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை. ஏறும்போது செலவழித்த அதே 8 லட்சம் ஜூலும் இறங்கும்போது காற்றிலும் பிரேக்கிலும் சூடாகிக் கரைய வேண்டும். ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதி சொல்கிறது. குறுகலான வளைவில் ஏறி வரும் அரசு பஸ் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். சட்டமும் அதன் பக்கம், எடையும் அதன் பக்கம்.

திரும்பி வருவது இன்னொரு பிரச்சினை. போடிமெட்டு ஏறி இறங்கி மறுபடி 80 கி.மீ. மிதித்துத் திருமங்கலம் வருவது எல்லோராலும் ஆகாது. 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் 'பிரெவே' பயணக்காரர்கள் மதுரையிலும் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்களுக்குப் போடி–மதுரை ரயிலில் சைக்கிளை மாட்டிவைக்க ஒரு பெட்டியில் நான்கு கொக்கி வைத்தால் போதும், மேற்கு மலைகள் அத்தனையும் ஒருநாள் பயணத்துக்குள் வந்துவிடும். நெடுஞ்சாலைத் துறை செய்யக் கூடியது இன்னும் மலிவு: முந்தலிலும் காமக்காபட்டியிலும் மல்லப்புரத்திலும் தூரம், மொத்த உயரம், அடுத்த கிலோமீட்டரின் சரிவு என்று மூன்று எண் எழுதிய பலகை.

புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, காற்று அடங்கிய மார்கழியில் கணவாய். தை பிறந்து, சாலையில் தானியம் காய்வது குறைந்தபின் மல்லப்புரம். மாசியில், வெயில் ஏறுவதற்குள், தேனியிலோ போடியிலோ முதல்நாள் தங்கிப் போடிமெட்டு. பங்குனிக்குமேல் சமவெளி அடுப்பாகிவிடும், வண்டியைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு வைக்க வேண்டியதுதான். கொடைக்கானல் அடுத்த மார்கழிக்கு.